விந்துப்பையில் விந்தணு இருக்கிறதா?

"விந்தணுக்கள் விந்துப்பையில் சேமித்து வைக்கப்படுகின்றன." பள்ளிக் குறிப்பேடு முதல் நாளிதழின் நலவாழ்வுப் பக்கம் வரை இந்த வாக்கியம் விடாமல் வந்துகொண்டே இருக்கிறது. எழுதுபவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பை என்றால் எதையாவது போட்டு வைக்கிற இடம்தானே? பெயரே பொய் சொல்கிறது.

லத்தீனில் வெசிகா என்றால் பை, வெசிகுலா என்றால் சின்னப் பை. விந்து அங்கே தேங்கி நிற்கிறது என்று பழைய உடற்கூறு அறிஞர்கள் பலர் நம்பியதால் 'வெசிகுலா செமினாலிஸ்' ஆனது. ஆங்கிலம் வழியாக நமக்கு விந்துப்பை. இது சேமிப்புக் கிடங்கு அல்ல என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் வாதிட்டுவிட்டார். நாம்தான் இன்னும் பையை விடவில்லை.

உண்மையில் இது ஒரு சுரப்பி. சிறுநீர்ப்பைக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக, சுமார் 5 செ.மீ. நீளத்தில், சுருண்டு மடிந்த குழலாக இருக்கிறது. வெளியேறும் விந்துநீரில் 60 முதல் 70 சதவீதம் இதன் சுரப்புதான். விந்தணுவுக்கு எரிபொருளான ஃபிரக்டோஸ் என்னும் சர்க்கரை, ஹார்மோன் போல வேலை செய்யும் புராஸ்டாகிளாண்டின்கள், விந்துநீரைக் கூழாக உறைய வைக்கும் புரதங்கள் எல்லாம் அதில் உண்டு. உறைந்ததைப் பிறகு இளக்குவது, சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் என்ற இன்னொரு சுரப்பி தரும் நொதி. புராஸ்டேட்டின் பங்கு 20 முதல் 30 சதவீதம். விந்தணுக்களின் பங்கோ ஐந்து சதவீதத்தைத் தாண்டாது. அவை காத்திருக்கும் இடமும் வேறு: விந்தகத்தை ஒட்டிய சுருள்குழலான எபிடிடைமிஸின் வால்பகுதி.

இன்னும் நம்பாதவர்கள் தெருநாயைப் பார்க்கலாம். நாய்க்கு இந்தச் சுரப்பியே கிடையாது, புராஸ்டேட் மட்டும்தான். அது குட்டி போடாமலா இருக்கிறது?

சரி, மாற்றுச் சொல் என்ன? 'சுக்கிலச் சுரப்பி' என்று ஒரு கட்சி. சுக்கிலம் வடசொல் என்பது கூட எனக்குப் பெரிய குறை இல்லை. அதே பெயரைச் சிலர் புராஸ்டேட்டுக்கும் வைக்கிறார்கள், அதுதான் வம்பு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு உறுப்புகளுக்கு ஒரே பெயர் என்றால் நோயாளி எதை என்று புரிந்துகொள்வார்? 'விந்துச் சுரப்பி' என்றால் விந்தகத்தோடு குழம்பும். 'விந்துநீர்ச் சுரப்பி' என்பதே என் கட்சி. புராஸ்டேட்டும் விந்துநீருக்குப் பங்கு தருகிறதே என்பார்கள். தருகிறது, ஆனால் பெரும்பங்கு யாருடையதோ அவருக்குத்தானே பெயர்? 'விந்து' என்பதே வடமொழி 'பிந்து'விலிருந்து வந்ததுதானே என்று தூய்மைக் கொடி பிடிப்பவர்கள் பிடிக்கட்டும். எனக்கு வேண்டியது தெளிவு. கால்நடை மருத்துவத்திலும் இதைச் சுரப்பி என்றே குறிப்பிடுகிறார்கள்.

தப்பான பெயர் நிலைத்துவிடுவது புதிதில்லை. 1935-இல் ஸ்வீடன் அறிவியலாளர் உல்ஃப் வான் ஆய்லர் விந்துநீரில் கண்ட ஒரு பொருள் புராஸ்டேட்டிலிருந்து வருகிறது என்று கருதி புராஸ்டாகிளாண்டின் என்று பெயரிட்டார். விந்துநீரில் அதைப் பெரும்பாலும் கலப்பது நம் விந்துநீர்ச் சுரப்பி. ஆனால் அந்தப் பெயரால் யாரும் பயப்படுவதில்லை. விந்துப்பை விஷயம் அப்படியல்ல. ஆண் கருத்தடை செய்துகொண்டால் விந்தே வராது என்று அஞ்சுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அறுவையில் அடைபடுவது விந்தணு வரும் நாளம் மட்டுமே. விந்துநீர் ஏறக்குறைய முன்போலவே வரும். பையில் சேமிப்பு என்று படித்தவருக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

இதைவிடக் கொடுமை புராஸ்டேட்டுக்குச் சூட்டிய 'ஆண்மைச் சுரப்பி'. 'புராஸ்டேட்' என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் முன்னே நிற்பவர் என்று பொருள். அதைப் பார்த்து 'முன்னிற்குஞ் சுரப்பி' என்றவர்கள் நேர்மையானவர்கள். கொஞ்சம் நாக்குச் சுளுக்கும், அவ்வளவுதான். ஆண்மையை எங்கிருந்து கொண்டுவந்தார்கள்? ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பெருமளவு சுரப்பது விந்தகம். வயதாக ஆக புராஸ்டேட் பெருப்பது பலருக்கும் நடப்பது. சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று வரும் எழுபது வயதுக்காரரிடம் 'ஆண்மைச் சுரப்பி வீக்கம்' என்று தாளில் எழுதிக் கொடுத்தால், அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் ஒளிப்பாரே தவிர வீட்டில் காட்டமாட்டார். 'புராஸ்டேட்' என்றே எழுதித் தொலையுங்கள்.