மாரியோவில் மேகமும் புதரும் ஒரே படம்

சூப்பர் மாரியோ பிரதர்ஸை இன்னொரு முறை ஆட உட்காருகிறவர்கள், முதல் கட்டத்தில் ஓடத் தொடங்கும் முன் வானத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்க்கலாம். மேலே மிதக்கும் வெள்ளை மேகத்தின் மேல்பாதிதான் கீழே பச்சைப் புதராக நிற்கிறது. வளைவுகூட மாறவில்லை, நிறம்தான் வேறு. 90களில் நம் ஊர்க் கடைகளில் விற்ற டிவி கேம் பெட்டிகள் பலவும் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியைப் பார்த்துச் செய்த நகல்கள் என்பதால், இந்தப் புதரைத் தாண்டிக் குதிக்காத அந்தத் தலைமுறைக்காரர்கள் குறைவு. கவனித்தவர்கள் அதைவிடக் குறைவு.

ஏன் ஒரே படம்? 1985இல் வெளிவந்த இந்த ஆட்டம் மொத்தமே 40 கிலோபைட். வாட்ஸப்பில் தினமும் வரும் ‘காலை வணக்கம்’ படம் ஒன்றே இதைவிடப் பெரிதாக இருக்கும். அந்த 40இல் 32 கிலோபைட் நிரலுக்கும் கட்டங்களின் அமைப்புக்கும் இசைக்கும் போய்விட, படங்களுக்கு மிஞ்சியது 8 கிலோபைட். படம் என்றால் முழுப்படம் கிடையாது. 8 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம் கொண்ட சின்னச் சின்ன டைல்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் 2 பிட், ஆக ஒரு டைலுக்கு 16 பைட். கணக்குப் போட்டால் மொத்தம் 512 டைல்கள் வரும். பின்னணிக்கு 256, நகரும் உருவங்களுக்கு 256. எட்டு உலகங்களும், மாரியோவும், ஆமைகளும், கடைசியில் காத்திருக்கும் இளவரசியும் இதற்குள் அடங்க வேண்டும்.

டைலுக்குள் நிறம் கிடையாது என்பதுதான் இதில் சாமர்த்தியமான இடம். ‘இந்தப் புள்ளிக்கு 1ஆம் நிறம், அந்தப் புள்ளிக்கு 2ஆம் நிறம்’ என்று மட்டுமே அதில் இருக்கும். 1 என்பது வெள்ளையா பச்சையா என்பதைத் தனியாக ஒரு வண்ணப் பட்டியல் சொல்லும். பட்டியலை மாற்றினால் மேகம் புதராகிவிடும், மாரியோ தன் தம்பி லூயிஜியாகிவிடுவார். பூவைத் தின்று வெள்ளையும் சிவப்புமாக மாறும் மாரியோவும் இதே வித்தைதான். தத்தித் தத்தி வரும் அந்தப் பழுப்புக் காளான் பயல் கூம்பாவைக் கவனியுங்கள். அவனுக்கு இருப்பது ஒரே படம். அதை இடம் வலமாகத் திருப்பித் திருப்பிக் காட்டுவதால் நடப்பதுபோல் தெரிகிறது.

சரி, எழுத்துகளும் எண்களும் எங்கே இருக்கின்றன? அவையும் அதே டைல் வரிசையில்தான். 0 முதல் 9 வரையான டைல்கள் எண்கள். 10ஆவது டைல் ஆங்கில ‘ஏ’, 35ஆவது ‘இஸட்’. 36ஆவது டைலில் எதுவும் இல்லை, வெற்றிடம். நிரல் எழுதியவர்களுக்கு இது ரொம்ப வசதி. திரையில் 7 என்று காட்ட எதையும் மாற்ற வேண்டியதில்லை, நினைவகத்தில் இருக்கும் 7ஐ அப்படியே திரைக்கு அனுப்பினால் 7ஆவது டைல் வந்து நிற்கும். எண்ணே படத்தின் விலாசம்.

இந்த வசதி எங்கே பல்லிளிக்கிறது என்பதைப் பார்க்க, லைஃப்களைக் குவிக்க வேண்டும். 3-1, அதாவது மூன்றாம் உலகின் முதல் கட்டத்தின் முடிவில் படிக்கட்டில் இறங்கி வரும் ஆமையை மிதித்து மிதித்து லைஃப் ஏற்றும் தந்திரம் பலருக்கும் தெரிந்திருக்கும். 10ஐத் தொட்டதும் எண்ணுக்கு முன்னால் ஒரு கிரீடம் வரும், அதாவது பத்து. 19 வரை ஒழுங்காகப் போகும். 20 ஆனதும் கிரீடத்துக்குப் பக்கத்தில் ‘ஏ’ என்ற எழுத்து வந்து நிற்கும். நிரல் ஒருமுறை மட்டும் 10ஐக் கழித்துவிட்டு மிச்சத்தை அப்படியே திரைக்கு அனுப்புகிறது. மிச்சம் 10, பத்தாவது டைல் ‘ஏ’. அதன்பிறகு ‘பி’, ‘சி’ என்று ஏறிக்கொண்டே போகும். பேராசைக்காரர்களுக்கு வேறொரு ஆப்பும் உண்டு. லைஃப் எண்ணிக்கை ஒரே ஒரு பைட்டில் இருக்கிறது, அதன் முதல் பிட்டை நிரல் ‘கழித்தல்’ குறியாகப் படிக்கிறது. 128ஐத் தாண்டி ஏற்றிவிட்டு ஒருமுறை செத்தால், உங்களிடம் இருப்பது பூஜ்யத்துக்கும் கீழே என்று கருதி ஆட்டத்தையே முடித்துவிடும்.

புதிராகத் தெரிவதெல்லாம் விபத்து என்று நினைத்துவிட வேண்டாம். வேண்டுமென்றே ஒளித்து வைத்தவையும் இதில் உண்டு. கட்டத்தின் முடிவில் கொடிக்கம்பத்தைத் தொடும்போது நேரத்தின் கடைசி இலக்கம் 1, 3, 6 என்று இருந்தால் அத்தனை வாணவேடிக்கை வெடிக்கும், மற்ற இலக்கங்களுக்கு ஒன்றும் கிடையாது. 1-1இல் கண்ணுக்குத் தெரியாத பெட்டியிலிருந்து லைஃப் தரும் பச்சைக் காளான் வருமே, அதுபோன்ற பெட்டி 2-1இலும் இருக்கிறது. ஆனால் சிலருக்கு வரும், சிலருக்கு வராது. காரணம் முந்தைய உலகத்தில் இருக்கிறது. 1-3 வழியாக வருகிறவர் அங்கே குறைந்தது 21 நாணயங்கள் எடுத்திருந்தால் மட்டும்தான் 2-1இல் அந்தப் பெட்டி இருக்கும். இதை ஆட்டம் எங்கேயும் சொல்வதில்லை, சிறுவயதில் ‘நேத்து வந்துச்சுடா!’ என்று எத்தனை பேர் சண்டை போட்டிருப்பார்களோ.

இப்படி ஒளித்து வைப்பதில் பேர்போன முன்னோடி அட்டாரி 2600 கருவிக்கு 1980இல் வந்த ‘அட்வென்ச்சர்’. ஆட்டத்தை உருவாக்கியவர்களின் பெயரைப் போடும் வழக்கம் அன்று அட்டாரியில் இல்லை. இதை உருவாக்கிய வாரன் ராபினெட், சாம்பல் நிறப் பின்னணியோடு கலந்து போகும் ஒற்றைப் புள்ளி ஒன்றை ஆட்டத்துக்குள் வைத்தார். அதைத் தேடியெடுத்துச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனால் ரகசிய அறை திறக்கும், உள்ளே அவர் பெயர் மின்னும். நிறுவனத்துக்கே தெரியாமல் செய்த வேலை இது.

மாரியோவுக்கே திரும்புவோம், ஏனென்றால் அதன் மிகப் பிரபலமான விசித்திரத்தை யாரும் ஒளித்து வைக்கவில்லை. 1-2இன் கடைசியில் வெளியேறும் குழாய் இருக்கிறது. அங்கே செங்கற்களை அளவாக உடைத்து, முதுகைச் சுவர்ப்பக்கம் வைத்துச் சரியான இடத்தில் குதித்தால் மாரியோ சுவருக்குள் மாட்டிக்கொள்வார். மாட்டியவரை வெளியே தள்ளுகிற நிரல் தவறான பக்கம் தள்ளிவிட, சுவருக்குள்ளாகவே வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேருவார். அங்கே நிற்பவை 4, 3, 2ஆம் உலகங்களுக்குப் போகும் மூன்று குறுக்குவழிக் குழாய்கள்.

எந்தக் குழாய் எங்கே போகும் என்பதற்கு ஆட்டத்தில் ஒரு குட்டிப் பட்டியல் உண்டு. முதல் வரிசை 4, 3, 2. மூன்றாம் வரிசை 8, 7, 6. நடு வரிசை 4-2இல் வரும் ஒற்றைக் குழாய்க்கானது. நடுவில் 5 என்று மட்டும் எழுதிக் காட்ட வேண்டும், இரண்டு பக்கமும் காலி. காலியாகக் காட்ட எந்த டைல்? 36. ஆக அந்த வரிசை 36, 5, 36. பக்கத்தில் குழாயே இல்லாதபோது 36க்கு யாரும் போகப் போவதில்லை என்பதால் அதில் தப்பொன்றும் இல்லை.

ஆனால் 1-2இல் எந்த வரிசையைப் படிப்பது என்ற முடிவு, திரை இன்னும் கொஞ்சம் நகர்ந்த பிறகுதான் எடுக்கப்படும். சுவரைத் துளைத்து வந்தவர் திரை நகரும் முன்பே இடது குழாயில் இறங்கினால், ஆட்டம் நடு வரிசையைப் படித்துவிடுகிறது. ‘36ஆம் உலகத்துக்குப் போ’ என்கிறது. இருப்பது எட்டு உலகம். அப்படியொன்று உண்டா என்று சரிபார்க்க ஒரு வரி நிரல்கூட இல்லை. பட்டியலின் முடிவைத் தாண்டி, வேறு எதற்கோ எழுதி வைத்த ஏதோ ஒரு எண்ணை எடுத்து அதையே கட்டத்தின் எண் என்று நம்பிவிடுகிறது. வந்து சேர்வது 2-2, 7-2 என்று வரும் அதே நீருக்கடிக் கட்டம். முடிவில் உள்ள குழாய் மறுபடி தொடக்கத்திலேயே கொண்டுவிடும். நேரமோ லைஃபோ தீரும்வரை நீந்த வேண்டியதுதான்.

திரையில் ‘வேர்ல்ட் 36-1’ என்று வர வேண்டும். ஆனால் 36ஆவது டைல் வெற்றிடமாயிற்றே. அதனால் நடுக்கோடும் 1ம் மட்டும் தெரிகின்றன: ‘வேர்ல்ட் -1’. ‘மைனஸ் உலகம்’ என்று ஊரெல்லாம் அழைத்த அந்த ரகசிய உலகத்தில் மைனஸ் எதுவும் கிடையாது.

1986இல் இதே ஆட்டம் ஜப்பானில் ஃபேமிகாமின் டிஸ்க் வடிவத்தில் வந்தது. சுவர் ஓட்டையும் பட்டியல் குழப்பமும் அதிலும் அப்படியே இருந்தன. ஆனால் நினைவகத்தில் அந்தப் பட்டியலுக்கு அடுத்தாற்போல் கிடந்த எண்கள் வேறு. அதனால் அங்கே -1இல் இளவரசியும் அரக்கன் பவுசரும் நடுவழியிலேயே தண்ணீரில் மிதக்கிறார்கள். அப்புறம் -2, -3 என்று கட்டங்கள் தொடர்கின்றன. -3ஐ முடித்தால் ஆட்டத்தையே ஜெயித்ததாகவும் கணக்கு.