சொல் விளக்கம்: பால்கனைசேஷன்

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் எடுத்த பிள்ளைகளிடம் இந்தச் சொல்லைக் கேட்டால், "நாட்டத் துண்டு துண்டா ஒடைக்கிறது, சேர்" என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். பரீட்சைக்கு அது போதும், வெளிநாட்டுச் செய்தி வாசிக்கப் போதாது. பெரிய அரசொன்று சிறு சிறு அரசுகளாக உடைய வேண்டும். உடைந்தவை ஒன்றையொன்று பகைக்க வேண்டும். அந்தப் பகையைப் பிடித்துக்கொண்டு வெளி வல்லரசுகள் உள்ளே கால் ஊன்ற வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் பால்கனைசேஷன். முதலாவது மட்டும் நடந்தால் அதற்குப் 'பிரிவினை' என்ற பழகிய சொல்லே இருக்கிறது.

'பால்கன்' துருக்கியரின் சொல். மரம் அடர்ந்த மலைத்தொடர் என்று பொருள். பிறப்பில் நம்மைப் போல இதுவும் ஒரு மலைநாட்டுச் சொல்தான். பல்கேரியாவை ஊடறுத்துக் கருங்கடல் வரை போகும் மலைகளுக்கு ஒட்டோமான் துருக்கியர் வழங்கிய பெயர் அது. பல்கேரியர் அதே மலையை 'ஸ்டாரா பிளானினா', அதாவது பழைய மலை, என்பார்கள். இந்தத் தொடர் மேற்கே அட்ரியாட்டிக் கடல் வரை நீள்கிறது என்று பிழையாக எண்ணிய ஜேர்மன் புவியியலாளர் ஔகுஸ்ட் சோய்ன, 1808இல் முழுத் தீபகற்பத்துக்குமே பால்கன் என்று பெயர் சூட்டிவிட்டார். பிழை திருத்தப்பட்டது, பெயர் நிலைத்துவிட்டது.

அந்தப் பெயர் பிறகு வசையானது. ஒட்டோமான் பேரரசு தேயத் தேய கிரேக்கம், சேர்பியா, ருமேனியா, பல்கேரியா என்று நாடுகள் முளைத்தன. 1878இல் பெர்லினில் கூடி எல்லை கீறியவர்கள் வல்லரசுகள். அங்கே வாழ்ந்த சனங்களின் பேச்சு சபை ஏறவில்லை. துருக்கியரை எதிர்த்து 1912இல் ஒன்றாகப் போருக்குப் போனவர்கள், 1913இல் கிடைத்ததைப் பங்கு பிரிக்கும்போது தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். 1914 ஜூனில் சரஜேவோவில் ஒஸ்திரிய இளவரசர்மேல் விழுந்த வெடி உலகப் போராயிற்று. 1918 டிசம்பரில் ஜேர்மன் தொழிலதிபர் வால்டர் ராத்தனோ நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையிடம் ஐரோப்பா முழுவதுமே 'பால்கனைஸ்' ஆகப்போகிறது என்று எச்சரித்த பிறகு, ஊர்ப்பெயர் வினைச்சொல்லாகப் பரவியது.

1991க்குப் பிறகு யூகோஸ்லாவியா உடைந்தபோது சொல் மறுபடியும் அதே மண்ணுக்குத் திரும்பிப் போனது. பொஸ்னியாவில் போரை நிறுத்திய 1995ஆம் ஆண்டின் டேற்றன் உடன்படிக்கை ஒரே நாட்டுக்குள் இரண்டு ஆட்சி அலகுகளையும், பொஸ்னியாக், சேர்பியர், குரோவாத்தியர் என்ற மூன்று இனத்துக்கும் ஒவ்வொருவராக மூவர் இருக்கும் சனாதிபதிப் பதவியையும் வைத்தது. எல்லோருக்கும் மேலே வெளிநாட்டு உயர் பிரதிநிதி ஒருவர். சேர்பியாவின் மாகாணமாக இருந்த கொசோவோ 2008இல் சுதந்திரம் அறிவித்தது. சேர்பியா ஏற்கவில்லை, ரஷ்யாவும் சீனாவும் ஏற்கவில்லை, இலங்கையும் இன்றுவரை ஏற்கவில்லை. நம் அரசு ஏன் ஏற்கவில்லை என்று இந்நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நேட்டோ படை 1999இலிருந்து அங்கேயே நிற்கிறது. அப்படியிருந்தும் வடக்கே சேர்பியர் வாழும் பகுதியில் 2021இலும் 2022இலும் பதற்றம் மூண்டது வாகன இலக்கத்தகட்டை வைத்து. எந்த நாட்டு எழுத்தைப் பூட்டுவது என்பதுதான் வழக்கு. அடுத்த நாட்டின் சின்னத்தை மறைக்கத் தகட்டின்மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு எல்லை கடக்கலாம் என்று 2021இல் தற்காலிகமாக ஒரு வழி கண்டார்கள். 1958இல் நம் வாகனத் தகட்டிலிருந்த சிங்கள ஸ்ரீ எழுத்தை எதிர்த்துத் தமிழர் அதற்குத் தார் பூசிய கதை தெரிந்த நமக்கு இது சிரிப்பாக இராது.

இனித் தமிழ்ச் சொல். 'ஐசேஷன்' என்ற ஆங்கில வால், தானாக நடந்ததா ஒருவர் செய்ததா என்பதைச் சொல்லாமல் தப்பிவிடும். தமிழில் அந்த வசதி கிடையாது. உடைந்தது என்பதா, உடைத்தது என்பதா? ஆதலா, ஆக்கலா? பத்திரிகைகள் எழுதும் 'பால்கன்மயமாக்கல்' யாரோ செய்ததாகத் தீர்ப்பே சொல்லிவிடுகிறது. 'சிதறல்' என்று எழுதினாலோ வல்லரசுகள் எல்லாம் கை கழுவிக்கொண்டு போய்விடும். 'துண்டாடல்' நல்ல சொல்தான், ஆனால் இலங்கையில் அது கெட்டுப்போன சொல். சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, என்று வாய் திறந்தவர் மேலெல்லாம் 'நாட்டைத் துண்டாடப் பார்க்கிறார்' என்று வீசி வீசி, பொருள் தேய்ந்து குற்றச்சாட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நான் எழுதுவது கூறுபடல், கூறுபோடல் என்ற இரட்டை. தானாக உடைந்ததற்கு முன்னது, கத்தி பிடித்தவர் ஒருவர் இருந்தால் பின்னது. முதலில் சொன்ன மூன்றும் சேர்ந்த இடத்தில் மட்டும் முன்னால் 'பால்கன்' சேரும். தோட்டத்தில் தீபாவளிக்கு ஆடு அடித்தால் வாழை இலையில் கறியும் ஈரலும் எலும்புமாகக் கூறு போட்டு வைப்பார்களே, அந்தக் கூறுதான். போடுகிறவர் யார், யாருக்கு எலும்பு அதிகம் விழுந்தது என்ற சண்டையும் அந்தச் சொல்லோடு கூடவே வரும். மேற்காபிரிக்காவின் பிரெஞ்சுக் குடியேற்றங்கள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டபோது செனகலின் தலைவர் செங்கோர் இதே பால்கன் சொல்லால் குறைப்பட்டுக்கொண்டார். அங்கே 'கூறுபடல்' அல்ல, 'கூறுபோடல்' என்றே எழுத வேண்டும்.

நம் மலையிலும் கத்தி விழுந்திருக்கிறது. 1815இல் கண்டி இராச்சியத்தைப் பிடித்த ஆங்கிலேயர், 1833இல், தங்கள் ஆணையாளர்கள் பரிந்துரைத்த கோல்புறூக்-கமரன் சீர்திருத்தத்தோடு தீவை ஐந்து மாகாணங்களாக வகுத்தார்கள். கண்டிக்குரிய நுவரகலாவிய வடக்கோடும் சப்பிரகமுவ தெற்கோடும் போய்ச் சேர்ந்தன. கண்டியர் என்ற தனி உணர்வைக் கரைப்பது நோக்கங்களில் ஒன்று. ஊவாவும் சப்பிரகமுவவும் தனி மாகாணங்களாக மீள 1880கள் ஆயின. ஆனாலும் இது கூறுபோடல் மட்டுமே, பால்கனைசேஷன் அல்ல. ஒரே ஆட்சிக்குள் நடந்த பிரிப்பு, தனி அரசுகள் முளைக்கவில்லை. 1920களில் சமஷ்டி கேட்ட முதல் குரல்களில் கண்டிச் சிங்களவருடையதும் ஒன்று என்பதை இன்று மேடையில் யாரும் நினைவூட்டுவதில்லை.

மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தையும் சிலர் இந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். கோபம் நியாயமானது, சொல் பொருந்தாது. அங்கே நிலம் பிரிபடவில்லை. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி. ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு விழுந்தது. அதைக் கூறுபோடல் என்று தாராளமாக எழுதலாம், முன்னால் பால்கனை மட்டும் சேர்க்கக் கூடாது. செக்கோஸ்லோவாக்கியா 1993 தொடக்கத்தில் ஒரு வெடி கூட வெடிக்காமல் இரண்டானதே, அதற்கும் பால்கன் வேண்டாம்; 'பிரிந்தது' என்று எழுதினால் முடிந்தது.