58 சி.சி. என்று எழுதியிருந்தால் அது தொழில்முறை மெஷின் ஆகிவிடாது

"அண்ணே, புது மெஷின். 58 சி.சி., 22 அங்குல பார். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது." மரம் அறுக்கும் மெஷின் பழுதுபார்க்கும் என் கடைக்கு வருகிறவர்கள் இதை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள் போலிருக்கிறது. பார் என்பது செயின் சுற்றி ஓடும் நீளமான இரும்புப் பட்டை. இந்த முறை வந்தவர் கடலாடிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர், அதாவது விறகை மூடி எரித்துக் கரியாக்குகிறவர். மெஷினைத் திருப்பிப் பார்த்தால், ஆபத்தில் செயினை நிறுத்தும் செயின் பிரேக்கின் கைப்பிடியையே காணோம். கேட்டதற்கு, "முள்ளில் மாட்டுகிறது, கழற்றிவிட்டோம்" என்றார். அந்த மெஷினை ஓட்டிய அவருடைய மாமாவுக்கு இடது தோளில் தையல் போட்டிருக்கிறது என்பது நெடுநேரம் கழித்துத்தான் பேச்சுவாக்கில் வந்தது. வந்தவருடைய கவலையெல்லாம் மெஷினைப் பற்றித்தான்.

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நம் ராமநாதபுரம் கரையோரத்தில் விறகு என்றால் சீமைக்கருவேலம்தான், சுருக்கமாகக் கருவை. வீட்டு அடுப்பு, கல்யாணச் சமையல், சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுவது, கரிமூட்டம் எல்லாம் அதை நம்பித்தான் நடக்கின்றன. கோடாரி பிடித்த கைகள் செயின் மெஷினுக்கு மாறியதில் எனக்கு வருத்தம் இல்லை, என் பிழைப்பே அதுதான். ஆனால் எந்த வேலைக்கு எந்த மெஷின் என்று யாரும் கேட்பதில்லை. "எத்தனை சி.சி.?" என்று மட்டும் கேட்கிறார்கள்.

சி.சி. என்பது சிலிண்டரின் கொள்ளளவு, அவ்வளவுதான். எவ்வளவு சக்தி வரும், எத்தனை மணி நேரம் தாங்கும், சூடு எப்படி வெளியேறும் என்பதையெல்லாம் அந்த எண் சொல்லாது. நல்ல தயாரிப்பான தொழில்முறை மெஷின் 50 சி.சி.யிலேயே சுமார் 3 கிலோவாட் தரும். எடையும் பார், செயின் சேர்க்காமல் 5 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். 58 என்று பெரிதாக ஸ்டிக்கர் ஒட்டி இணையத்தில் மலிவாக விற்கும் மெஷின்கள் சிலவற்றின் பெட்டியிலேயே 2.2, 2.4 கிலோவாட் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. அந்தச் சக்திக்கு 22 அங்குல பாரை வேறு மாட்டி அனுப்புகிறார்கள். மாட்டு வண்டிக்கு லாரிச் சக்கரம் பூட்டிய கதைதான்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பது மெஷினைப் பிரித்தால்தான் தெரியும். வீட்டு உபயோக மெஷின்களில் பெரும்பாலும் என்ஜின் ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். தொழில்முறை மெஷினில் மெக்னீசியக் கலவையில் வார்த்த கிராங்க் கேஸ், அதாவது என்ஜினின் அடிக்கூடு, இருக்கும். பார் மாட்டும் போல்ட்டும் அதில்தான் இறங்கியிருக்கும். ஏர் பில்டர் பெரியது. அதிர்வைத் தாங்க ஸ்பிரிங்குகள் உண்டு. நாள் முழுக்க அறுக்கிறவரின் விரல்கள் மரத்துப்போகாமல் இருப்பது அந்த ஸ்பிரிங்குகளால்தான். தொழில்முறை மெஷினில் நான்கு ஸ்குருவைக் கழற்றினால் சிலிண்டர் கையோடு வந்துவிடும். மற்றதில் பிஸ்டன் மாற்ற வேண்டுமென்றால் முழு மெஷினையும் பிரித்துப் போட வேண்டும். கூலி ஏன் இவ்வளவு என்று சண்டைக்கு வருகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

அதற்காக வீட்டு உபயோக மெஷினை மட்டம் என்று நினைக்க வேண்டாம். 30 சி.சி., 14 அங்குல பார், நான்கு கிலோ சொச்சம் எடை. நம் ஊர்க் கருவை பெரும்பாலும் தூரிலிருந்தே நாலைந்து கிளையாகப் பிரிந்து தொடைப் பருமனில் நிற்பது. அதற்கு 14 அங்குலமே மிச்சம். வீட்டுக்கு மாதம் ஒருமுறை விறகு அறுக்கிறவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. மாறாக, தினமும் ஐந்தாறு மணி நேரம் மூட்டத்துக்கு அறுக்கிறவர் இந்தச் சின்ன மெஷினை வாங்கினால் ஒரு பருவத்தில் அதன் ஆயுள் முடிந்துவிடும். விலை பார்த்து வாங்கியதாகச் சொல்வார்கள். இரண்டாவது மெஷின் வாங்கும்போதுதான் கணக்குத் தெரியும்.

இப்போது அந்தத் தோள் தையலுக்கு வருகிறேன். பார் நுனியின் மேல் பாதி எதிலாவது பட்டால் மெஷின் ஓட்டுகிறவரின் முகத்தையும் தோளையும் நோக்கி எகிறும். செயின் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சுதாரிக்க நேரம் இருக்காது. கருவைப் புதரில் நீங்கள் அறுக்கும் கிளைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு கிளை நிற்கும். 22 அங்குல பாரின் நுனி அதைத்தான் போய்த் தொடும். இந்த மரத்துக்கு நீளமான பார் வசதி இல்லை, ஆபத்து. அந்த எகிறலில் இடது கையின் மணிக்கட்டு முன்னால் இருக்கும் செயின் பிரேக்கின் கைப்பிடித் தகட்டைத் தள்ளினால் செயின் நிற்க வேண்டும். அதைத்தான் முள்ளில் மாட்டுகிறது என்று கழற்றி எறிகிறார்கள். முள் மாட்டினால் முதலில் கவைக்கம்பால் ஒதுக்கி, அரிவாளால் சில்லு முள்ளைக் கழித்துவிட்டு மெஷினைக் கொண்டு போங்கள். உங்கள் அப்பாக்கள் கோடாரி போடும் முன் அப்படித்தான் செய்தார்கள்.

தினமும் வேலை தொடங்கும் முன் மெஷினைத் தரையில் வைத்து ஓடவிட்டு, தகட்டைத் தள்ளிப் பாருங்கள். செயின் சட்டென்று நிற்கவில்லை என்றால் அன்று வேலை கிடையாது. இடது கையின் கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றியே இருக்க வேண்டும். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது. ஒற்றைக் கையால் பிடிக்கவே கூடாது. கைலியும் ரப்பர் செருப்பும் கழுத்தில் துண்டுமாக நின்று அறுக்கிறீர்களே, அந்தத் துண்டு செயினில் சிக்கினால் என்ன ஆகும் என்று ஒரு நொடி யோசியுங்கள். செயின் பட்டால் நார் பிரிந்து பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு மெஷினை நிறுத்தும் பாதுகாப்புக் கால்சட்டை கிடைக்கிறது. மூட்டம் போடும் முதலாளிகளே, மெஷினுக்குக் கொடுத்த பணத்தோடு அதையும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள்.

பிறகு எண்ணெய். இது டூ ஸ்ட்ரோக் என்ஜின், பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில்தான் அதற்கு உயிர். மெஷின் கையேடு 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. "ஒரு மூடி ஊற்றினேன்" என்பது கணக்கே இல்லை. பைக்கில் மாற்றிய பழைய ஆயிலை ஊற்றுகிறவர்களிடம் பேசவே எனக்குத் தெம்பில்லை. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பல மெஷின்களின் கையேடோ 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம் கடற்காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் கேனில் வைக்காதீர்கள். வேலை முடிந்து மெஷினை மூலையில் போடுவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

எந்த மெஷின் வாங்கினாலும் அதைப் பாழாக்கும் பொதுவான எதிரி ஒன்று உண்டு, மணல். ஆடிக் காற்று அடித்த பிறகு கருவைப் பட்டையின் வெடிப்பெல்லாம் மணல்தான். தூர்க் கட்டை நல்ல கரியாகும் என்று மண்ணோடு மண்ணாக அறுக்கிறார்கள். செயின் ஒரே ஒரு முறை மண்ணைத் தொட்டால் போதும், முனை போய்விடும். மண்ணை ஒதுக்கிவிட்டு அறுங்கள், இல்லையென்றால் நான்கு விரல் உயரம் விட்டு அறுங்கள். கீழே விழும் தூளைப் பாருங்கள். கூரான செயின் செதில் செதிலாகத் தள்ளும். மொண்ணைச் செயின் மாவாகக் கொட்டும், கூடவே புகைநாற்றமும் வரும். மாவு கொட்ட ஆரம்பித்ததும் அழுத்தி அறுக்காமல் உருட்டு அரத்தை எடுங்கள். ஒவ்வொரு டேங்க் பெட்ரோலுக்கும் பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு, எல்லாப் பல்லுக்கும் ஒரே அளவு. வெட்டும் பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டை மட்டும் இஷ்டத்துக்கு ராவாதீர்கள். அது பல்லின் முனையைவிட சுமார் 0.65 மில்லிமீட்டர்தான் தாழ்ந்திருக்கலாம். அதற்கு மேல் ராவினால் செயின் மரத்தைக் கவ்வி எகிறும். "சீக்கிரம் அறுக்கட்டும் என்று ராவினேன்" என்பவர்களும் வருகிறார்கள்.

இடையில் ஒன்று. பனைநார் சிக்கிய பாரோடு வருகிறவர்கள் என்னிடம் காரணம் சொல்ல வேண்டாம். 2021 வேளாண் பட்ஜெட் அறிவிப்பிலிருந்து பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். விறகுக்குக் கருவை கிடக்கிறது.

எதை வாங்குவது என்று கேட்டால் என் பதில் இதுதான்: வீட்டுக்கு நல்ல தயாரிப்பில் 30 சி.சி., 14 அங்குலம். வருடத்துக்கு ஒரு தடவைதான் தேவை என்றால் வாங்கவே வேண்டாம், மெஷினோடு ஆளைக் கூப்பிடுங்கள். கூலிக்கு அறுக்கிறவர்களுக்கு 50 சி.சி. தொழில்முறை மெஷின், 16 அல்லது 18 அங்குலம். புதிதுக்குப் பணம் போதவில்லை என்றால் பழையதைத் தேடுங்கள், 58 ஸ்டிக்கர் பக்கம் போகாதீர்கள்.

பழையது வாங்கும்போது சத்தத்தைக் கேட்டு ஏமாறாதீர்கள். சைலன்சரைக் கழற்றச் சொல்லுங்கள். கயிற்றை மெதுவாக இழுத்தால் துவாரத்தில் பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சரி. மேலிருந்து கீழாகக் கீறல் கீறலாக இருந்தால் ஆயில் பற்றாமல் ஓடிய மெஷின், எந்த விலைக்கும் வேண்டாம். கழற்றிக் காட்ட மறுக்கிறவரிடம் பேரம் பேசிக்கொண்டு நிற்காமல் கிளம்பிவிடுங்கள்.