எச்டி ஸ்டிஃபில டேப் ஒட்டாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன்

இந்த மாசம் இது மூணாவது கேஸ், அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

சாட்ஸ்வர்த்லேருந்து ஒரு தம்பி அவங்க அப்பாவோட பழைய அமிகா 500 கம்ப்யூட்டரையும் 11 ஸ்டிஃபியையும் தூக்கிட்டு வந்தான் (தென்னாப்பிரிக்காவுல, இங்க டர்பன்ல மூணரை இஞ்ச் டிஸ்க்குக்கு அதான் பேரு, ஃப்ளாப்பின்னா அஞ்சேகால் இஞ்ச்). கல்யாண பேண்டுக்காக அப்பா தொண்ணூறுகள்ல போட்டு வச்ச பாட்டு எல்லாம் அதுலதான். பழைய டிஸ்க் போயிடுமோன்னு பயந்து, எச்டி (ஹை டென்சிட்டி) டிஸ்க் வாங்கி, அதோட மூலையில இருக்கிற ஓட்டைய செலோடேப்பால மூடி காப்பி எடுத்திருக்கான், எடுத்துட்டு பழசைத் தூக்கிப் போட்டுட்டான். ரெண்டே மாசம், இப்ப படிக்கல. டிரைவைக் கழட்டினா, உரிஞ்ச டேப் துண்டு ஒண்ணு டிஸ்க்கைப் படிக்கிற மேல் ஹெட்டு பக்கத்துல பசையும் தூசியுமா ஒட்டிக்கிட்டு இருக்கு.

"மூடிட்டா டிடி ஆயிடும்ல அண்ணே?"ன்னு கேக்குறான் (டிடின்னா டபுள் டென்சிட்டி, அமிகா 500 எழுதுற ரகம்). ஆகாது தம்பி! ஓட்டை, இது எச்டின்னு டிரைவுக்குக் காட்டுற வெறும் அடையாளம். அமிகா 500 டிரைவ்ல அதைப் பாக்குற சென்சாரே கிடையாது, நீங்க ஒட்டினாலும் ஒட்டாட்டியும் அது டிடியாதான் எழுதும். மாறாதது உள்ள இருக்கிற பூச்சு. டிடி பூச்சு சுமாரா 600-650 ஓர்ஸ்டெட் (அதுல காந்தப் பதிவை மாத்த எவ்வளவு பலம் வேணும்ங்கிற அளவு), எச்டி 700-க்கு மேல, தடிமனும் கிட்டத்தட்ட பாதிதான். டிடிக்குன்னு அளந்து விடுற கரண்ட் அதுல சரியாப் பதியாது, கம்பெனில எச்டியா ஃபார்மேட் பண்ணின பழைய சிக்னலும் முழுசா அழியாது. சிலது வருஷக்கணக்கா ஓடிடும், அதான் வம்பே, அதைப் பாத்துட்டுதான் எல்லாரும் நம்புறாங்க. அஞ்சேகால் இஞ்ச்ல இன்னும் மோசம், டிடி 300-க்கும் எச்டி 600-க்கும் உள்ள வித்தியாசம், பேசவே வேணாம்.

அடுத்து, பிசி எச்டி டிரைவை அமிகால மாட்டிட்டு எச்டி டிஸ்க்கோட 1.76 எம்பி கேக்குறவங்க. எச்டி டேட்டா செகண்டுக்கு 500 கிலோபிட் வேகத்துல வரும், அமிகால டிஸ்க் டேட்டாவைக் கையாளுற பவுலா சிப் அதுல பாதிதான் தாங்கும். அதனாலதான் அமிகா 4000-ல எச்டி டிஸ்க் போட்டா டிரைவே 300 ஆர்பிஎம்லேருந்து 150-க்கு இறங்கிச் சுத்தும். பிசி டிரைவுக்கு அந்த வித்தை தெரியாது. எந்த டிரைவ்னு தேர்ந்தெடுக்கிற டிரைவ் செலக்ட் லைனும் வேற, 34-வது பின்ல அமிகா ரெடி சிக்னலை எதிர்பாக்கும், பிசி டிரைவ் டிஸ்க் மாறிடுச்சுங்கிற சிக்னலை அனுப்பும். சும்மா கேபிளை மாட்டிப் பாக்காதீங்க.

டர்பன் ஈரத்துல பூஞ்சை கண்டிப்பா வரும். ஷட்டரை நகத்தி, நடு வட்டத்தைத் திருப்பிப் பாருங்க, வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா டிரைவ்ல போடவே கூடாது, ஹெட்ல ஒட்டி அடுத்த டிஸ்க்கையும் கீறிடும். முதல்ல கிரீஸ்வீசல்ல (டிரைவை யுஎஸ்பில பிசியோட இணைக்கிற போர்டு) ஃப்ளக்ஸ் இமேஜ், அதாவது டிஸ்க்கோட காந்த சிக்னலை அப்படியே காப்பி எடுங்க, தினசரி ஓட்டத்துக்கு கோட்டெக் (டிரைவுக்குப் பதிலா யுஎஸ்பி ஸ்டிக்லேருந்து படிக்கிற பெட்டி) போதும். ஒரிஜினலை மட்டும் தூக்கிப் போடாதீங்க, கெட்டுப் போனதா தெரிஞ்சாலும் வச்சிருங்க ப்ளீஸ்.

ஹெட்டைக் கழுவி, ஒவ்வொரு டிராக்கையும் பத்து இருபது தடவை படிக்க வச்சு, தம்பியோட பதினொண்ணுல ஏழு தேறிடுச்சு. மிச்ச நாலுக்கு ஒரிஜினல் வேணும், அது குப்பை வண்டில போயிடுச்சு.