செகண்ட் அப்பீலில் யார் பொய் சொன்னார் என்று பார்க்க மாட்டார்கள்

"கீழ்க் கோர்ட்ல எங்க சாட்சியை நம்பல சார். ஹைகோர்ட் போனா உண்மை வெளிய வந்துரும்." முன்சீப் கோர்ட், சப் கோர்ட் இரண்டிலும் தோற்றுவிட்டு வழக்குக் கட்டோடு வருகிற பலர் இதைத்தான் சொல்கிறார்கள். அப்படி வராது என்று சொல்லிப் புரியவைப்பது எனக்குச் சங்கடமான வேலை.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100-வது பிரிவு 1976-இல் திருத்தப்பட்டது. அதன்படி, சென்னையானாலும் மதுரைக் கிளையானாலும், ஹைகோர்ட்டில் போடும் இரண்டாம் மேல்முறையீட்டில் (செகண்ட் அப்பீலில்) முக்கியமான சட்டக் கேள்வி ஒன்றாவது இருந்தாக வேண்டும். அப்பீல் மனுவிலேயே அதை எழுத வேண்டும். நீதிபதிக்கும் அது சரியென்று பட்டால், கேள்வியை வகுத்துப் பதிவு செய்வார். விசாரணை அதன் மேல்தான் நடக்கும். கேள்வியே இல்லையென்றால் அட்மிஷனிலேயே, அதாவது விசாரணைக்கு எடுக்கலாமா என்று பார்க்கும் கட்டத்திலேயே, அப்பீல் தள்ளுபடியாகிவிடும்.

சரி, எது சட்டக் கேள்வி? ஒரு பாதை வழக்கை எடுத்துக்கொள்வோம். அந்த வழியில் முப்பது வருஷமாக வண்டி போனதா இல்லையா என்பது சங்கதி, அதாவது நடந்தது என்ன என்ற கேள்வி. இரண்டு கோர்ட்டும் ஒரே மாதிரி முடிவு சொல்லிவிட்டால், பொதுவாக அது அங்கேயே முடிந்தது. ஆனால் வாதியின் நிலத்துக்கு வேறு வழி இருப்பதாக அவருடைய பத்திரமே சொல்லும்போது, அவசியத்தின் பேரில் (வேறு வழியே இல்லை என்பதற்காக) வழியுரிமை கொடுத்தது சரியா என்று கேட்டால், அது சட்டத்தின் பக்கம் வந்துவிடுகிறது.

உயில் வழக்குகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஒருவர் தோற்ற வழக்கின் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "உயில்ல சாட்சிக் கையெழுத்து போட்டவங்களை எதிர்த்தரப்பு கூண்டில் ஏத்தினாங்களா?" என்று கேட்டேன். "இல்ல சார், ரெண்டு பேருமே ஊர்லதான் இருக்காங்க. பத்திர எழுத்தரை மட்டும்தான் விசாரிச்சாங்க" என்றார். சாட்சிக் கையெழுத்து போட்டவர்களில் உயிரோடு இருக்கும் ஒருவரையாவது விசாரிக்காமல் உயிலை நிரூபிக்க முடியாது என்பது சட்டம். ஒரு மணி நேரம் தன் பெரியப்பா மகன் எப்படியெல்லாம் பொய் சொன்னான் என்று விவரித்தவர், அப்பீலுக்கு உதவப்போகும் ஒரே விஷயத்தைப் போகிற போக்கில் சொன்னார்!

சங்கதிக்குள் உயர் நீதிமன்றம் எட்டிப் பார்க்கவே பார்க்காது என்பதில்லை. முக்கியமான ஆவணத்தைக் கீழ்க் கோர்ட் கண்டுகொள்ளவே இல்லை, அல்லது ஆதாரமே இல்லாமல் முடிவுக்கு வந்தது என்றால், அதுவே சட்டக் கேள்வியாகிவிடும். சாட்சியை நம்பியது தப்பு என்று மட்டும் சொன்னால் போதாது.

பீரோவில் கிடந்த பழைய பத்திரத்தை இப்போது தாக்கல் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். முன்பே ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு வலுவான காரணம் வேண்டும். ‘கவனிக்கவில்லை’ என்பது காரணம் ஆகாது.

அப்புறம், 25,000 ரூபாய்க்கு மேற்படாத பண வசூல் வழக்குக்குச் செகண்ட் அப்பீலே கிடையாது. மற்றவற்றுக்குக் கெடு 90 நாள். மனு போட்டபின் தீர்ப்பின் சான்றிட்ட நகல் கிடைக்க ஆகும் நாள்கள் அந்தக் கெடுவில் சேராது என்பதால், தீர்ப்பு வந்த அன்றே நகலுக்கு மனு போட்டுவிடுங்கள்.