பக்கத்துக் காம்பராத் தட்டு ஏன் ஆடியது?

"தம்பி, நீ வாசிக்கிறது எனக்கு ஒன்னுமே கேக்கல. ஆனா எங்கூட்டுத் தட்டுக்குக் கேக்குது."

தோட்டத்து லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடான பக்கத்துக் காம்பரா அக்கா, எங்கள் முன்வாசல் இஸ்தோப்பில் நின்று இதைச் சொன்னபோது இரவு ஒன்பதரை இருக்கும். விடிந்தால் அவருக்குப் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம், பிறகு நாள் முழுக்க மலை. நானோ ஞாயிற்றுக்கிழமைக் கல்யாண வீட்டுக்காக ஒரு பைலாப் பாட்டுத் துண்டை, அடிச்சுரம் வாசிக்கும் பேஸ் கிட்டாரில் திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கர் பெட்டியின் வொலியூம் கால்வாசிக்கும் கீழேதான் இருந்தது.

நம்பிக்கை வராமல் போய்ப் பார்த்தேன். தம்பியிடம் கிட்டாரைக் கொடுத்து, தடித்த கம்பியில் ஒவ்வொரு பிரெட்டாக, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு ஒவ்வொன்றாக, அழுத்தி அடித்துக்கொண்டே போகச் சொன்னேன். அக்கா வீட்டு அடுப்படிச் சுவரில் மாட்டிய ஸ்டாண்டில் எவர்சில்வர் தட்டுகள் வரிசையாக நின்றன. நான்காவது பிரெட் வரைக்கும் சத்தமில்லை. ஐந்தாவதில் தட்டுகள் கிலுகிலுவென்று நடுங்கின. ஆறாவதில் மறுபடி அமைதி. ஐந்தாவது பிரெட்டில் வருவது ஏ சுரம், செக்கனுக்கு 55 அதிர்வு. அந்த ஸ்டாண்டும் தட்டும் சேர்ந்து இயல்பாக ஆடும் வேகமும் ஏறத்தாழ அதுவாகத்தான் இருக்கவேண்டும். ஒரே வேகத்தில் வந்து தட்டுகிற சின்னச் சின்னத் தள்ளல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய ஆட்டமாகிவிடுகின்றன. ஒத்ததிர்வு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் நடுவில் ஒரு சுவர் இருக்கிறதே? அதைத் தாண்டி எப்படிப் போனது?

பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளைத் திறந்து அடித்தால் வரும் அதிர்வெண்கள் 41, 55, 73, 98 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு அத்தனை அதிர்வு. ஒலி காற்றில் செக்கனுக்கு 340 மீற்றர் அளவில் ஓடுகிறது. அப்படியானால் 41 ஹேர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் எட்டு மீற்றருக்கு மேல், ஏறத்தாழ 27 அடி. பழைய லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஓர் அலை முழுசாக நிற்கவே வீட்டில் இடமில்லை.

சுவர் ஒலியைத் தடுப்பது தன்னுடைய பாரத்தால். வேகமாக முன்னும் பின்னும் தள்ளினால் பாரமான சுவர் அசைய மாட்டேன் என்று நிற்கும். மெதுவாகத் தள்ளினால் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், அந்த அசைவு அடுத்த பக்கத்துக் காற்றை ஆட்டும். அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் சுவரின் தடுப்பு சுமார் 6 டெசிபல் குறையும் என்பது கணக்கு. பேச்சுக் குரலுக்குள் வரும் 330 ஹேர்ட்ஸிலிருந்து பேஸின் 41 ஹேர்ட்ஸுக்கு இறங்க மூன்று தடவை பாதியாக்க வேண்டும். அங்கேயே சுவரின் தடுப்பில் 18 டெசிபல் போய்விட்டது. அதற்கு மேல் எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரைத் தகரத்தைத் தொடுவதே இல்லை. மேலே உள்ள இடைவெளியால் பூனை போகும், புகை போகும், குழம்பு வாசம் போகும். நீண்ட அலைக்கு அப்படி வளைந்து போவது இன்னும் லேசு.

"அப்போ இன்னும் குறைச்சு வச்சு வாசியேன்" என்று அம்மா சொன்னார். அங்கே நம் காதே நமக்கு எதிரி. 1000 ஹேர்ட்ஸ் ஒலி இரண்டு மூன்று டெசிபல் இருந்தாலே நல்ல காதுக்குக் கேட்கத் தொடங்கும். 40 ஹேர்ட்ஸ் ஒலி கேட்கத் தொடங்கவே 50 டெசிபல் வேண்டும். மனிதக் காது இப்படிச் சுரத்துக்குச் சுரம் ஓரவஞ்சனை செய்வதை பிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இல் அளந்து வரைபடமாகவே போட்டார்கள். அதனால் பெட்டியின் வொலியூமைக் குறைக்கக் குறைக்க முதலில் மறைவது அடிச்சுரம். மிஞ்சுவது கம்பியில் விரல் உரசும் சத்தம். இதை வைத்துக்கொண்டு சாதகம் செய்ய முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸ் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, ஆளுயர மரப் பேஸ் வாத்தியத்தின் சத்தம் பாண்டுக்குள் அமுங்கிப்போகிறது என்பதுதான் குறையாக இருந்தது. கேட்கவில்லை என்பதற்காகப் பிறந்த வாத்தியத்தை, கேட்கக்கூடாது என்று நான் இப்போது பாடுபடுகிறேன்.

சரி, ஹெட்போன். பத்து, பன்னிரண்டு, பதினைந்து அங்குல ஸ்பீக்கர் செய்யும் வேலையைச் சட்டைப் பொத்தான் அளவுள்ள இயர்போன் எப்படிச் செய்கிறது?

திறந்த வெளியில் அடிச்சுரம் எழுப்ப நிறையக் காற்றைத் தள்ளவேண்டும். அதிர்வெண் பாதியானால் அதே சத்தத்துக்கு ஸ்பீக்கர் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போகவேண்டும். பேஸ் பெட்டிகள் பீரோ மாதிரி இருப்பது இதனால்தான். காதுக்குள் கதை வேறு. அங்கே இயர்போனுக்கும் செவிப்பறைக்கும் நடுவில் இருப்பது ஓரிரு கன சென்ரிமீற்றர் காற்று. அறை முழுக்க அலையைப் பரப்பத் தேவையில்லை. அந்தச் சொட்டுக் காற்றை அமுக்கி விட்டால் போதும்.

சைக்கிள் பம்பை எடுத்துப் பாருங்கள். வாயை விரலால் இறுக்கி மூடிக்கொண்டு பிடியை அமுக்கினால், மெதுவாக அமுக்கினாலும் வேகமாக அமுக்கினாலும் உள்ளே அழுத்தம் ஏறும். இப்போது விரலைக் கொஞ்சம் தளர்த்துங்கள். படாரென்று அமுக்கினால் அப்போதும் அழுத்தம் தெரியும். மெதுவாக அமுக்கினால் காற்று 'புஸ்' என்று கசிந்து போய்விடும், விரலுக்கு ஒன்றும் தெரியாது. இயர்போனில் நடப்பது அப்படியே இதுதான். கசிவு இருந்தால் வேகமான அதிர்வு, அதாவது மேல்சுரம், குறையாமல் காதுக்கு வந்துவிடும். மெதுவான அதிர்வாகிய அடிச்சுரம் முதலில் ஒழுகிப் போகும்.

ஆகவே பேஸ் வாசிப்பவர் ஹெட்போன் வாங்கும்போது பார்க்கவேண்டிய முதல் விஷயம் காதோடு அது எவ்வளவு இறுக்கமாக மூடுகிறது என்பது. உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் 40 மில்லிமீற்றரா 50 மில்லிமீற்றரா என்று கடைக்காரர் சொல்வது இதற்குப் பிறகுதான். கடையில் தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். இரண்டு கையாலும் ஹெட்போனை மெதுவாகக் காதோடு அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் குபுக்கென்று கூடினால், கையை எடுத்த நிலையில் அது உங்கள் தலைக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். இயர்போன் என்றால் பெட்டியில் வரும் மூன்று அளவு ரப்பர் முனைகளையும் மாற்றிப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் பொருந்தும் என்ற கட்டாயம் இல்லை. எனக்கு இடது காதுக்குப் பெரியது, வலதுக்கு நடுத்தரம்.

நான் மாதக்கணக்கில் ஏமாந்த இடம் ஒன்று. நல்ல ஹெட்போன் ஒன்றை இரவல் வாங்கி வந்து, ராத்திரிக் குளிருக்குக் காதை மூடிய கம்பளித் தொப்பிக்கு மேலேயே மாட்டி வாசித்தேன். பேஸே இல்லை. ஹெட்போனைத் திட்டினேன், கிட்டாரைத் திட்டினேன். ஒருநாள் வேர்த்துத் தொப்பியைக் கழற்றினேன், சத்தம் பொங்கி வந்தது. கம்பளியின் இழைகளுக்கு நடுவே காற்று தாராளமாகப் போய் வரும். கண்ணாடிக் கம்பி, தடித்த பின்னல், காது வரைக்கும் இழுத்த மப்ளர் எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். குளிர் தாங்காதவர்கள் உள்ளே இயர்போனைச் செருகி மேலே தொப்பியை இழுத்துவிடலாம். என் கட்சி இப்போது அதுதான். தகரக் கூரையில் மழை அடிக்கும்போது வெளிச்சத்தத்தையும் அது அடைத்துவிடும். பின்புறம் வலையிட்ட திறந்த வகை ஹெட்போன்கள் அருமையானவைதான், ஆனால் ஆனி ஆடி மழையில் அவற்றால் பயனில்லை.

'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று அச்சடித்து விற்பவற்றை நான் வாங்கமாட்டேன். அவை அடிச்சுரத்தைச் செயற்கையாக ஊதிக் காட்டும். சோம்பேறி விரலும் பலமாக அடித்த மாதிரிக் கேட்கும். மேடையில் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது குட்டு வெளிப்படும். அட்டையில் உள்ள '20 முதல் 20,000 ஹேர்ட்ஸ்' என்பதையும் பெரிதாக எடுக்கவேண்டாம். அந்த எல்லையில் ஒலி எவ்வளவு பலவீனமாக வருகிறது என்று அட்டை சொல்வதில்லை. தவிர, தடித்த கம்பியான ஈ கம்பியை அடித்தால் 41 மட்டும் வருவதில்லை. 82, 123, 165 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே வருகின்றன. அடிப்படை அதிர்வு மெலிந்துபோனாலும் மடங்குகளை வைத்து மூளை அதைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. சின்ன ரேடியோவிலும் பேஸ் கேட்பதுபோலத் தோன்றும் மாயம் அதுதான்.

இனி கிட்டாருக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் இருக்கவேண்டிய கருவி. ஹெட்போனை நேராகக் கிட்டாரில் செருகினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கம்பிகளுக்கு அடியில் உள்ள பிக்அப் என்பது காந்தத்தைச் சுற்றி மயிரைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய சுருள். இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் ஆடிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஃபரடே 1831இல் கண்ட அதே விதி. ஆனால் அவ்வளவு சுற்றுக்கு மின்தடை 10,000 ஓம் அளவுக்கு ஏறிவிடும். ஹெட்போனின் தடையோ 32 ஓம். நூறு ரூபாய் அனுப்பினால் வழியிலேயே 99 ரூபாய் 68 சதத்தைத் தரகர் எடுத்துக்கொண்டு மிச்சம் 32 சதத்தைக் கையில் வைக்கிற கணக்கு இது. போனின் மைக் துளையில் ஒரு வயரைப் போட்டுச் செருகினாலும் ஓரளவுக்கு இதே கதி. சத்தம் வரும், ஆனால் போர்வைக்குள் வாசித்த மாதிரி மழுங்கி வரும். பிக்அப்புக்குத் தேவை பத்து இலட்சம் ஓம் அளவுக்கு உள்ளீட்டுத் தடை உள்ள ஒரு பெருக்கி. அது சமிக்ஞையைத் தொட்டும் தொடாமலும் வாங்கி, வெளியே ஹெட்போனைத் தள்ளும் பலத்தோடு கொடுக்கும்.

இடுப்புப் பட்டியில் மாட்டிக்கொள்ளும் அளவில் இதை முதலில் பேர்வாங்கச் செய்தவர் டொம் ஷோல்ஸ். பொஸ்டன் என்ற ராக் குழுவின் கிட்டார்காரர், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த பொறியியலாளர். 1982இல் வந்த அவருடைய ராக்மேன் இடுப்பில் தொங்கும் பெட்டி. இன்றைக்கு வொக்ஸ் அம்பிளக் மாதிரியானவை கிட்டாரின் துளையிலேயே செருகி நிற்கும், இரண்டு டிரிபிள் ஏ பெட்டரி போதும். அம்பிளக்கில் பேஸுக்கென்று தனிப் பதிப்பே இருக்கிறது. அவசரத்தில் லீட் கிட்டார் பதிப்பை வாங்கிவிடாதீர்கள். பொஸ் கட்டானா கோ போன்றவை சார்ஜ் ஏறுபவை, பேஸுக்கான தெரிவும் உள்ளே உண்டு. எதை வாங்கினாலும் ஸ்பீக்கர் பெட்டியின் தன்மையைப் போலச் செய்யும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். நிஜப் பேஸ் பெட்டி சில ஆயிரம் ஹேர்ட்ஸுக்கு மேலே தானாகவே ஒலியை மழுக்கிவிடும். ஹெட்போன் மழுக்காது. பிரெட்டில் கம்பி உரசும் ஒவ்வொரு 'டிக்'கும் நேராகக் காதில் வந்து குத்தும்.

ஹெட்போன் 16 முதல் 32 ஓம் வரை இருந்தால் இந்தச் சின்னக் கருவிகளுக்குச் சுமையில்லை. ஸ்டூடியோக்காரர்களின் 250 ஓம் ஹெட்போனைச் செருகினால் வொலியூமை முழுசாகத் திறந்தும் முணுமுணுக்கும்.

புளூடூத் ஹெட்போன்? வேண்டாம். சாதாரண புளூடூத்தில் ஒலி போய்ச் சேர 200 மில்லிசெக்கன் வரை பிடிக்கலாம். அந்த நேரத்தில் காற்றில் ஒலி 68 மீற்றர் போய்விடும். பெட்டியைக் கீழ் லயத்தில் வைத்துவிட்டு மேல் லயத்திலிருந்து வாசிப்பதற்குச் சமம். நிமிடத்துக்கு 120 தாள அடி விழும் பாட்டில் ஓர் அடிக்கு 500 மில்லிசெக்கன்தான். கிட்டத்தட்ட அரை அடி பிந்தி உங்கள் சுரம் உங்களுக்கே வரும். பைலா மாதிரித் துள்ளுகிற தாளத்தில் இது ஆளையே குழப்பிவிடும். பத்து மில்லிசெக்கனுக்குள் இருந்தால் விரல் பொறுத்துக்கொள்ளும். மேடையில் மூன்றரை மீற்றர் தள்ளி நிற்கும் பெட்டியிலிருந்து வரும் தாமதம் அவ்வளவுதானே. போனிலிருந்து பாட்டைக் கருவிக்கு அனுப்ப மட்டும் புளூடூத்தைத் தாராளமாகப் பாவிக்கலாம். பாட்டு முழுசுமே ஒரே அளவு பிந்தி வருவதால் அதோடு சேர்ந்து வாசிக்கச் சிக்கலில்லை.

சார்ஜரைச் செருகியபடி வாசிக்கும்போது வரும் 'ம்ம்ம்' சத்தம் தனிக் கதை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாவது பிரெட்டில் வரும் ஜி சுரம் 49 ஹேர்ட்ஸ். இரண்டும் சேர்ந்தால் செக்கனுக்கு ஒரு தடவை ஒலி ஏறி இறங்கி 'வாவ்... வாவ்' என்று ஊஞ்சலாடும். கிட்டாரின் சுருதி போய்விட்டது என்று நினைத்துக் கம்பியை முறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். சார்ஜரைக் கழற்றுங்கள், பெட்டரியில் வாசியுங்கள். மிச்சம் இருக்கும் இரைச்சல், கம்பியில் கை பட்டதும் குறைந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கரண்ட் போன இரவுகளில் என் கிட்டார் மிகச் சுத்தமாகப் பேசும்.

வொலியூம் பற்றி ஒன்று. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்றால் 88இல் நான்கு மணி நேரம், 91இல் இரண்டு என்று காதுக்கான பாதுகாப்பு நேரம் பாதி பாதியாகக் குறையும். பேஸ் கேட்கவில்லை என்று குமிழைத் திருகுபவர்கள் பெரும்பாலும் கசிவைத்தான் சத்தத்தால் அடைக்கப் பார்க்கிறார்கள். முனையை மாற்றினால் குமிழ் தானாக இறங்கும்.

இதெல்லாம் கைகூடி ஒரு மாதம் ஓடிய பிறகு அக்காவிடம் போய், "இப்போ தட்டு ஆடுதாக்கா?" என்று கேட்டேன்.

"தட்டு ஆடல. ஆனா ராவெல்லாம் யாரோ சீமெந்துத் தரையில குத்துற மாதிரி டொக் டொக்குனு கேக்குதே, அது நீயா?"

தாளத்துக்குத் தட்டும் என் குதிகால். இரண்டு காம்பராவுக்கும் ஒரே தரை. இப்போது காலடியில் சாக்கை நான்காக மடித்துப் போட்டிருக்கிறேன்.