இடுப்பு முந்தும், மட்டை பிந்தும்

“பத்து வயது மகனுக்கு டென்னிஸ் சொல்லித்தரும் பயிற்சியாளர், வலைக்குப் பக்கவாட்டில் நின்று இடது காலை முன்னே வைத்து ஃபோர்ஹேண்ட் அடிக்கச் சொல்கிறார். தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களோ வலையை நேராகப் பார்த்தபடி நின்றே விளாசுகிறார்கள். எது சரி?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. மட்டை பிடித்த கையின் பக்கம் வரும் பந்தை அடிப்பதுதான் ஃபோர்ஹேண்ட். நிற்கும் விதத்தைப் பற்றிக் கேட்டால், பந்து பறக்கும் விதத்திலிருந்துதான் பதிலைத் தொடங்க வேண்டும்.

பக்கவாட்டு நிலை புல்தரைக் காலத்தின் சொத்து. 1974 வரை நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் மூன்று புல்தரையில்தான் நடந்தன. புல்லில் பந்து தாழ்வாக வழுக்கிக்கொண்டு வரும். கையிலோ கனமான, முகம் சிறுத்த மர மட்டை. முன்காலை வைத்து, உடல் எடையை முன்னே சாய்த்து, பந்தைத் தள்ளுவதே அன்று புத்திசாலித்தனம். நம் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனது அத்தகைய நளினமான ஆட்டத்தால்தான்.

பிறகு மட்டைகள் இலகுவாகின, தரைகள் மாறின, பந்து தோளுயரம் எழும்பத் தொடங்கியது. வேகம் கூடியபோது ஒரு சிக்கல் வந்தது. நம் முனைக் கோட்டில் நின்று, ஒரு மீட்டர் உயரத்தில் பந்தைச் சந்தித்து மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் அடிப்பதாக வைத்துக்கொள்வோம். காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், நடுவில் 91.4 சென்டிமீட்டர் உயரமுள்ள வலையை வெறும் 20 சென்டிமீட்டர் மேலாகத் தாண்டினாலே பந்து எதிர்முனைக் கோட்டின் அருகே போய் விழும். காற்றுத் தடை சற்றுக் கைகொடுக்கும் என்றாலும் தவறுக்கு இடம் மிகக் குறைவு. இதிலிருந்து தப்பிக்க உதவுவது டாப் ஸ்பின். முன்னோக்கிச் சுழலும் பந்து காற்றை மேல்நோக்கித் தள்ளுகிறது. காற்று பந்தைக் கீழே அழுத்துகிறது. மேக்னஸ் விளைவு என்று இன்று நாம் சொல்லும் இந்த வளைவை, டென்னிஸ் பந்தில் கண்டதாக 1672-லேயே நியூட்டன் எழுதியிருக்கிறார். ரஃபேல் நடாலின் ஃபோர்ஹேண்டை அதிவேகக் கேமராவில் அளந்தபோது சராசரியாக நிமிடத்துக்குச் சுமார் 3,200 சுற்றுகள் வந்தன. வலைக்கு ஒரு மீட்டர் மேலே போகும் பந்தும் கோட்டுக்குள் தலைகுப்புற விழுவது இதனால்தான்.

இப்படிச் சுழல வைக்க, மட்டை பந்துக்குக் கீழிருந்து கிளம்பி அதன் பின்புறத்தை உரசியபடி மிக வேகமாக மேலேற வேண்டும். அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? எத்தனை முறை படித்தாலும் என்னைப் பரவசப்படுத்துவது இந்த இடம்தான்.

வலக்கை ஆட்டக்காரர் ஒருவரைப் பாருங்கள். பந்து வலப்புறம் வருகிறது என்று தெரிந்ததும் தோள்களை வலப்பக்கம் திருப்புகிறார். இடுப்பும் திரும்புகிறது, ஆனால் தோளைவிடக் குறைவாக. மடங்கிய வலது முழங்காலில் எடை இறங்குகிறது. அடுத்து அவர் தரையை உதைக்கிறார். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி தரை அவரைத் திருப்பித் தள்ளுகிறது. இடுப்பு வலையை நோக்கிச் சுழலத் தொடங்குகிறது. தோள் இன்னும் பின்னாலேயே இருக்கிறது! இந்த ஒரு கணத்தில் விலாப்புறத் தசைகள் முறுக்கி இழுபடுகின்றன. இழுபட்ட மறுகணமே சுருங்கும் தசை, சும்மா இருந்து சுருங்கும் தசையைவிடக் கூடுதல் விசை தரும். இடுப்பு தன் கோண உந்தத்தை, அதாவது சுழற்சியின் உந்துதலை, மார்புக்குக் கொடுத்துவிட்டு மெதுவாகிறது. மார்பு அதைக் கைக்குக் கொடுத்துவிட்டு மெதுவாகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் வாங்குகிற உறுப்பு கொடுத்ததைவிட இலகுவானது, ஆகவே வேகம் ஏறிக்கொண்டே போகிறது. ஆற்றங்கரைக் கல்லில் வேட்டியை அடித்துத் துவைப்பவரின் உடலிலும் இதே வரிசைதான்: இடுப்பு முதலில் திரும்பும், துணியின் நுனி கடைசியில் வந்து கல்லில் அறையும்.

கடைசிக் கண்ணி மணிக்கட்டு. கை முன்னே பாயும்போது சுமார் 300 கிராம் எடையுள்ள மட்டை தன் நிலைமத்தால் பின்தங்குகிறது. பிடியின் அடிக்கட்டை வரும் பந்தைப் பார்க்கும்; மட்டையின் தலை முதுகுப்பக்கம் கிடக்கும். இதை யாரும் வலிந்து செய்ய வேண்டியதில்லை. மணிக்கட்டைத் தளர்வாக விட்டால் தானாக நடக்கும், இறுக்கிப் பிடித்தால் நடக்காது. கை சற்று மெதுவானதும் பின்தங்கிய தலை சுழன்று முன்னே வருகிறது; அதே வேளையில் மேற்கை தோள்மூட்டில் உள்நோக்கித் திரும்பி மட்டையை மேலே தூக்குகிறது.

“அடிக்கும் கணத்தில் மணிக்கட்டைச் சுண்டு” என்று பல மைதானங்களில் இன்றும் சொல்லித்தருகிறார்கள். நரம்புகளிடம் எடுபடாத அறிவுரை அது. பந்து மட்டையைத் தொட்டிருப்பது சுமார் 5 மில்லிவினாடி. தொட்டதைக் கை உணர்ந்து, மூளை மறுகட்டளை அனுப்புவதற்குள் பந்து மட்டையை விட்டுப் போய் வெகுநேரம் ஆகிவிடும். எல்லாமே அதற்கு முன்பே முடிவாகிவிட்டன.

வலையைப் பார்த்து நிற்கும் ஓப்பன் ஸ்டான்ஸின் பயன் இப்போது விளங்கும். முன்காலைக் குறுக்கே வைத்தால் அது இடுப்பின் சுழற்சிக்கு முட்டுக்கட்டை. கால்கள் விலகி நின்றால் இடுப்பு தடையின்றித் திரும்பும். அடித்து முடித்ததும் நடுவுக்கு ஓடவும் ஓர் அடி மிச்சம். திறந்து நிற்பது காலுக்கு மட்டும்தான். தோளும் திறந்தே இருந்தால் முறுக்கு என்பதே கிடையாது, வெறும் கைவீச்சுதான். தொலைக்காட்சியைப் பார்த்துப் பழகும் பிள்ளைகள் தவறவிடுவது இதைத்தான்.

“கைவாகு பிறவியிலேயே வர வேண்டும்” என்று சொல்லிப் பிள்ளைகளைக் கழித்துக்கட்டுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. உடல் இயக்கவியல் படித்த ஒருவரும் ஓர் அதிவேகக் கேமராவும் இருந்தால், கைவாகு என்று நாம் பெயர் வைத்ததில் பெரும்பகுதி எந்த மூட்டு எப்போது திரும்பியது என்பதுதான் என்று தெரிந்துவிடும். அரங்கம் கட்டவும் பரிசு வழங்கவும் பணம் ஒதுக்குகிறோம். இந்த ஆய்வுக்கும் ஒதுக்க வேண்டும். அதுவரை பெற்றோரின் கைபேசியே உதவும். வினாடிக்கு 240 படம் எடுக்கும் வசதியில் பந்து மட்டையைத் தொடும் கணம் ஓரிரு படங்களில்தான் அகப்படும். ஆனால் இடுப்பு முந்துகிறதா, தோள் காத்திருக்கிறதா என்பது தெளிவாகத் தெரியும்.

வாசகரின் பயிற்சியாளர் சொல்வது தவறில்லை. குட்டையாக, தாழ்வாக விழும் பந்துக்கு முன்காலை வைத்து ஏறி அடிப்பதே இன்றும் மேல். எடையை நகர்த்தக் கற்கவும் அது ஏற்றது. அகலமாகவும் உயரமாகவும் வருவதற்கு ஓப்பன் ஸ்டான்ஸ். இரண்டும் பையனுக்கு வேண்டும். அதற்குமுன், அவன் எந்தப் பந்தில் ஆடுகிறான் என்று பாருங்கள். பெரியவர்களின் பந்து பத்து வயதுப் பிள்ளையின் தோளுக்கு மேல் எழும்பும். அதை எட்டப் பிடியை அளவுமீறித் திருப்பி, உடலைப் பின்னால் சாய்த்து அடிக்கப் பழகிவிடுவான். பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் மெதுவான பந்துகளையே பயன்படுத்த வேண்டும் என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012-இல் விதி கொண்டுவந்தது. பச்சைப் புள்ளியிட்ட மெதுவான பந்து ஒரு டப்பா வாங்கிக்கொடுங்கள்; இடுப்பு உயரத்தில் வரும் பந்தில் எந்த நிலையையும் கற்றுக்கொள்ளலாம்.